அட்டையில் செய்த மாரிக்குப்பம் பாசஞ்சர்

போன மாதம் பள்ளித் தோழிகள் எட்டுப் பேர் சேர்ந்து சாப்பிட்டோம். நம் வயதில் என்ன பேசுவோம்? முழங்கால் வலி, பிள்ளைகளின் கல்லூரி, யாருக்கு என்ன மாத்திரை. நடுவில் ஒருத்தி, "நீ அட்டையில ரயில் செய்வியே, அதெல்லாம் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. அந்த ரயிலைப் பற்றி அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். உங்களில் சிலராவது அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஆறாம் வகுப்பு. பெங்களூர் பிரேசர் டவுனில், ஈஸ்ட் ஸ்டேஷனைத் தாண்டி, ஒரே வாசலுக்குள் ஏழு வீடுகள் இருந்த இடத்தில் எங்களுடையது கடைசி வீடு. மொட்டை மாடியில் ஏறினால் தண்டவாளம் கண்ணெதிரே. ரயில் போகும்போது துணிக்கொடி மெல்ல ஆடும். டீசல் புகை வந்து ஈரத்துணியில் படிகிறது என்று ஏழு வீட்டுப் பெண்களும் திட்டுவார்கள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

அம்மா பங்காரப்பேட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலை ஏழே முக்காலுக்கு ஈஸ்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் பாசஞ்சரைப் பிடித்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இறங்கலாம். கோலார் பக்கத்து ஜனமெல்லாம் காலையில் பெங்களூருக்குள் வந்து கொட்டும். அம்மாவும் அவளைப் போன்ற சிலரும் எதிர்த்திசையில் போவார்கள். வீடு திரும்ப மாலை ஏழரை ஆகிவிடும். அப்பா தொழிற்சாலையில். கம்பெனி பஸ் அவரை ஆறு மணிக்கே ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்குத் தலை பின்னி, டப்பா கட்டிக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பியது அத்தை. அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவள்.

தினமும் காலையில் பல் துலக்கியபடியே மாடிக்கு ஓடுவேன். செங்கல் நிறத்தில் ஒன்பது பெட்டிகள். முன்னால் டீசல் என்ஜின். கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிதாக மஞ்சள் பெருக்கல் குறி. அது தெரிந்தால்தான் ரயில் முழுசாகப் போயிற்று என்று அர்த்தம். அதுவரை அசைய மாட்டேன். பற்பசை நுரை கை வழியாக முழங்கை வரை வழிந்திருக்கும்.

அந்த வருடப் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அப்பா கேட்டபோது, அம்மாவோட ட்ரெயின் வேண்டும் என்றேன். கமர்ஷியல் தெருவில் மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் கறுப்பு நீராவி என்ஜின், பச்சைப் பெட்டி, கண்ணாடி ஜன்னல். ஜன்னலில் கம்பியே இல்லை. "இது நம்ம ட்ரெயின் இல்ல," என்றேன். "எல்லாம் ட்ரெயின்தான், வாங்கிக்கோ," என்றார் அப்பா. நான் அசையவில்லை. திரும்பி வரும்போது சிவாஜிநகரில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், உடைந்த மிக்சிகளுக்கும் சைக்கிள் செயின்களுக்கும் நடுவே, ஒரு முழம் நீளத்தில் தகர என்ஜின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. நீளமான மூக்கு, பக்கவாட்டில் நடைபாதை. அப்படியே நம்முடைய டீசல். எந்த வீட்டுப் பிள்ளை விளையாடித் தீர்த்ததோ, முன் சக்கரங்களைக் காணோம்.

"ஓடாது, பேட்டி," என்றார் தாடிவைத்த கடைக்காரர், உருதுவில் மகளே என்று கூப்பிட்டு. "மோட்டார் இல்ல. சும்மா டப்பா."

"ஓட வேணாம்," என்றேன்.

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த என்ஜினுக்குப் பெட்டிகள் கட்டுவதுதான் என் வேலை.

முதல் பெட்டியைச் செருப்பு டப்பாவில் செய்து கெடுத்தேன். பெட்டி என்ஜினைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தது. அப்போதுதான் அளவு வேண்டும் என்று புரிந்தது. "அம்மா, ஒரு பெட்டிக்கு எத்தன ஜன்னல்?" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக அதே ரயிலில் போய் வருகிறாள். "இருக்கும் ஒரு இருபது," என்றாள். மறுநாள் எண்ணிக்கொண்டு வந்தாள். அடுத்த நாள் தையல் டேப்பைக் கைப்பையில் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் உயரம், இரண்டு ஜன்னலுக்கு நடுவே இடைவெளி, கதவு அகலம், எல்லாம் பழைய ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் டைப் செய்து வந்தது. ஆபீஸ் தாளில் மேலே "விஷயம்" என்று கன்னடத்தில் அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே அம்மாவின் ஆங்கில எழுத்துகள்: கதவு, மூன்றடி. மேல் பலகை, ஐந்தடி இரண்டங்குலம்.

எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை வந்த வீடுகளில் எல்லாம் போய்ப் பத்திரிகை வாங்கி வந்தேன். கெட்டி அட்டை, மடங்காது. அத்தை முகம் சுளித்துக்கொண்டே மைதா பசை காய்ச்சிக் கொடுத்தாள். ஜன்னல் கம்பிக்குத் துடைப்பக் குச்சி. சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். வண்ணத்துக்கு, வாசலில் பூசி மீந்த காவி. கதவுக் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். அம்மா அதை ரயிலில் சொல்லியிருக்கிறாள். அவளோடு பங்காரப்பேட்டை வரை போகும் ஆஸ்பத்திரி நர்ஸ் மறுநாளே ஒரு பழைய எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினாள். சுடுதண்ணீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பு கரைந்து கண்ணாடி மாதிரி வரும். நான் அவசரத்தில் பாதிதான் தேய்த்தேன். இரண்டாம் பெட்டியின் கதவில் யாரோ ஒருவருடைய விலா எலும்பு மங்கலாகத் தெரியும்.

மாலூர்ப் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் வெள்ளை எழுத்துக்கு மெல்லிய பிரஷ் கொடுத்தனுப்பினார். தபால் ஆபீஸ் அக்கா ஒருத்தி நூல்கண்டுக் கட்டைகளைச் சேர்த்து அனுப்பினாள். இவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. மாலை ஏழரைக்கு அம்மா உள்ளே வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் பையைப் பார்ப்பேன்.

தை மாதத்துக்குள் நாலு பெட்டி முடிந்துவிட்டது. ஐந்தாவது, பெண்கள் பெட்டி. அதன் உட்புறம் சரியாக வரவில்லை. நேரில் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். எனக்குப் பள்ளி விடுமுறையாகவும் அம்மாவுக்கு வேலை நாளாகவும் ஒரு சனிக்கிழமை வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஈஸ்ட் ஸ்டேஷனில் ஏறியதும் உள்ளே இருந்து ஒரு குரல்: "வாங்க ஆபீசரம்மா! இன்னைக்கு அசிஸ்டெண்ட்டோட வந்துட்டீங்களா?"

மாலூர் டீச்சர். ஐம்பது வயது, பருத்த உடம்பு, வெற்றிலை போட்ட வாய். பக்கத்தில் வெள்ளைப் புடவையில் நர்ஸ். என்னைப் பார்த்ததும் அவள், "இவதானா அந்த ஜன்னல் இன்ஜினியரு? உங்கம்மா எங்கள எல்லாம் எழுப்பி விட்டுட்டு சீட்ட அளந்தாங்க தெரியுமா? டிக்கெட் பாக்க வந்தவரு ரயில்வேல இருந்து இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சு சலாம் போட்டுட்டுப் போனாரு," என்றாள்.

அம்மா சிரித்தாள். அந்த மாதிரிச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. பிறகு அவள் செய்ததையும் வீட்டில் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மரப் பலகையில் நீளமாகச் சாய்ந்து, இரண்டு காலையும் தூக்கி டீச்சர் மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் பேச்சை நிறுத்தாமலே அம்மாவின் கால் விரல்களைச் சொடுக்கெடுத்து விட்டார். தினமும் நடப்பது போலத்தான் இருந்தது.

"எங்க ஆபீஸ் சாஹேப்ரு நேத்து என்ன சொன்னார் தெரியுமா?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்குவது போல் விரலை வைத்து, மூக்கால் பேசினாள்: "ஏனம்மா, ஃபைல் எல்லி? நானு கேளிதாக பேடா, கேளதே இத்தாக கொடு!" அதாவது, ஃபைல் எங்கே, நான் கேட்டபோது வேண்டாம், கேட்காதபோது கொடு. பெட்டியே சிரித்தது. நர்ஸின் டப்பாவிலிருந்து இட்லியை எடுத்து அம்மா கேட்காமலே தின்றாள்.

"சிரிச்சுக்கோ. அடுத்த யுகாதிக்குள்ள நீயே அந்த நாற்காலில ஒக்காரப் போற," என்றார் டீச்சர். பதவி உயர்வுப் பட்டியலில் அம்மாவின் பெயர் முதலில் இருந்தது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அவள் அதைப் பேசியதில்லை.

ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் காற்று மாறியது. தைல மரத் தோப்பின் வாசனை. மாலூரில் கொய்யாப்பழக் கூடைகள் ஏறின. டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப் போனார். டேக்கல் அருகே பெரிய பெரிய பாறைகள். நான் அதிகம் வெளியே பார்க்கவில்லை. பலகைகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஆறு. அதில் ஓடுவது நாலு.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெட்டியைத் தொடங்கினேன். பத்து நாளில் முடிந்தது. கூரையைத் தூக்கினால் உள்ளே சீட்டெல்லாம் தெரியும்படி செய்திருந்தேன். வெறும் சீட்டு நன்றாக இல்லை. களிமண்ணில் விரல் நீளத்துக்கு ஆட்களைப் பிடித்து வைத்தேன். குண்டாக டீச்சர். வெள்ளையாக நர்ஸ். நீளமாகப் படுத்து, டீச்சர் மடியில் கால் வைத்தபடி அம்மா. அம்மாவுக்கு நீலப் புடவை.

மறுநாள் வீடு பெருக்கிய அத்தை கூரையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

ஞாயிறு மதியம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அத்தை அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து அப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள். கூரையை எடுத்தாள்.

"இது யாருன்னு உன் பொண்ணக் கேளு, தம்பி."

"அம்மா," என்றேன்.

"அம்மா எங்க இருக்காங்க?"

"ட்ரெயின்ல."

"அப்ப வீட்டுல யாரு இருக்காங்க?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "வீடு செய்யல," என்றேன்.

அத்தையின் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா? வீடே இல்லையாம். புள்ள அம்மாவ மண்ணுல புடிச்சு வெச்சு வெளையாடுது. நான் எவ்வளவு பாத்தாலும் நான் அத்ததான். இதுக்கு மேல நான் என்ன சொல்லணும் உங்க ரெண்டு பேருக்கும்?"

அத்தை நடிக்கவில்லை. அப்போது எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. இப்போது அவளுடைய வயதை எட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் அன்று பார்த்ததையும் என்னால் பார்க்க முடிகிறது. ஒரு மூடிய பெட்டி, அதற்குள் ஒரு சின்ன அம்மா. பிள்ளை அம்மாவுக்கு ஏங்குகிறது என்றல்லாமல் வேறு எப்படி நினைப்பாள்? தன் அலுப்பும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆறு வருடமாக அந்த வீட்டை அவள் ஒருத்திதான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா குனிந்து பொம்மையைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். "என்ன இது, படுத்துட்டு இருக்க மாதிரி?" என்றார்.

"மாலூர் டீச்சர் மடில கால் வெச்சிருக்காங்க," என்று நான் விளக்கினேன். சரியாகச் செய்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு. அம்மாவின் முகம் சிவந்தது. கூரையை எடுத்து மெதுவாக மூடினாள்.

அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அம்மாவுக்கு இங்கயே, பெங்களூர்லயே ஆபீஸ் மாத்திக்கிட்டா உனக்குப் பிடிக்குமா?"

நாலு பெட்டி இன்னும் பாக்கி, ரயில்வே கார்டு நிற்கும் கடைசிப் பெட்டியின் அளவு யார் எடுத்து வருவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. ஆனால் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பதில் வேண்டும் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

"பிடிக்கும்," என்றேன்.

"நிஜமாவா?" என்று அம்மா கேட்டாள்.

"ம்."

தானாகக் கேட்டு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கினால் அதுவரை சேர்ந்த சீனியாரிட்டி போய்விடும். புது இடத்துப் பட்டியலில் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. "பதவி இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும், புள்ள வயசு திரும்ப வராது," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. அம்மா அடுத்த வாரமே மனு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஜூன் மாதம் உத்தரவு வந்தது. கடைசி நாள் அம்மா ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு வந்தாள். ரயிலில் எல்லோரும் வாங்கிக் கொடுத்தார்களாம். நர்ஸ் எனக்கென்று கார்டு பெட்டியின் அளவைத் தானே எடுத்து ஊசி மருந்து அட்டையில் எழுதி அனுப்பியிருந்தாள். அதை வைத்து ஆறாவது பெட்டியாகக் கார்டு பெட்டியைச் செய்து, பின்னால் மஞ்சள் பெருக்கல் குறியைப் போட்டேன். நடுவில் மூன்று பெட்டி குறைந்தாலும் ரயில் முழுசாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் பள்ளிக் கண்காட்சியில் பார்த்தது அந்த ஆறு பெட்டிகளைத்தான்.

புது ஆபீஸ் ஊருக்கு நடுவில். ஐந்தரைக்கு முடிந்தால் இரண்டு பஸ் மாறி ஏழு மணிக்கு வருவாள். அரை மணி நேரம்தான் லாபம். நின்றுகொண்டே வந்த கால்களை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுப்பாடத்தைப் பார்க்கத் தொடங்கினாள். கணக்குப் போடும்போது இருவருக்கும் சண்டை வரும். அத்தை சமையலறையிலிருந்து, "புள்ளைய ஏன் திட்டற?" என்று கேட்பாள். நான் மாடிக்குப் போவதும் குறைந்துபோனது. ஏழாம் வகுப்பில் பூப்பந்து விளையாடச் சேர்ந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வீடு மாற்றி ஈஜிபுரா போனோம். அங்கே ரயில் இல்லை. வண்டியில் சாமான் ஏற்றியபோது ஐந்து பெட்டிகள் நசுங்கிவிட்டன. பெண்கள் பெட்டி ஒன்று மட்டும் பரண்மேல் கொஞ்ச நாள் இருந்தது. மைதா பசைக்கு வந்த பூச்சி அதைத் தின்றுவிட்டது. தகர என்ஜினை எதிர்வீட்டுக் குழந்தை கேட்டது, கொடுத்துவிட்டேன். ரயிலில் பழகிய அந்த மூன்று பெண்களோடு அம்மாவுக்குக் கொஞ்ச காலம் பொங்கல் வாழ்த்து அட்டைப் போக்குவரத்து இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அத்தை போனாள். அப்பா போனார். அம்மா தன் அறுபதாவது வயதில், ஒரே ஒரு பதவி உயர்வோடு, அதுவும் கடைசி மூன்று வருடத்தில் கிடைத்ததோடு, ஓய்வு பெற்றாள். விடைபெறும் விழாவுக்கு நான் போயிருந்தேன். தலைமை வகித்துப் பேசிய அதிகாரி அம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். பங்காரப்பேட்டை ஆபீசில் அம்மா விட்ட இடத்துக்கு அடுத்த ஆளாக இருந்து மேலே வந்தவர் என்று அவரே மேடையில் சொன்னார். "இவங்கதான் எனக்கு டைப் அடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க," என்று அம்மாவின் காலைத் தொட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாலை அம்மாவின் வீட்டுக்கு வந்தோம். அம்மா சந்தன மாலையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, அந்த ட்ரெயின நான் உன்னத் தேடிச் செய்யல. எனக்கு ட்ரெயின் பிடிச்சுது, அவ்வளவுதான். அன்னைக்கு அப்பா கேட்டப்ப அதைச் சொல்லத் தெரியல."

"தெரியும்," என்றாள் அம்மா.

"தெரியுமா?"

"தெரியாம என்ன."

"அப்புறம் ஏன் மாத்தல் கேட்ட?"

அம்மா புடவை முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"தெனம் காலைல ஸ்டேஷன் தாண்டினதும் நான் ஜன்னல்ல கைய வெளிய விட்டு ஆட்டுவேன். நீ மாடில நின்னு சக்கரத்தப் பாத்துட்டு இருப்ப. ஒரு நாள்கூட என்னைப் பாத்ததில்ல. டீச்சர்கூட கிண்டல் பண்ணுவாங்க, யாருக்கு ஆட்டற, அது உன் பொண்ணுதானான்னு. நீ என்னத் தேடி ஏங்கறன்னு உங்கத்தை சொன்னாங்க. நீ தேடவே இல்லையேன்னுதான் நான் வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. யாருடைய வீட்டிலோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டாள்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு நானே போய்க் காபி போட்டேன். பால் பொங்குவதற்குள் என் வீட்டுக்குப் போன் செய்து, இன்று வரவில்லை, நாளையும் வரமாட்டேன், சாப்பாட்டுக்கு நீங்களே ஏதாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.